வரைபடத்தில் வழி இருக்கா இல்லையா? விளையாட ஆரம்பிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுனில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒட்டுக்கடை மேசையை இழுத்துப் போட்டு, உலக வரைபடத்தில் படையை நகர்த்தி நாடு பிடிக்கும் ரிஸ்க் என்ற பலகை ஆட்டம் ஆடுகிறவர்களுக்குத்தான் இது. ஆட்டம் சூடு பிடித்ததும் "அங்கேயிருந்து இங்கே எப்படிடா வருவே?" என்று ஒரு சத்தம் கட்டாயம் வரும்.

காய் வைப்பதற்கு முன்னாலேயே விரலை வைத்து எல்லைகளை ஓட்டிப் பாருங்கள். அலாஸ்காவும் கம்சட்காவும் வரைபடத்தின் இரண்டு ஓரத்தில் கிடக்கும், ஆனால் அவை பக்கத்து நாடுகள். கடல் மேல் கோடு போட்டிருந்தால் அதுவும் வழிதான், வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குப் போவது அப்படித்தான். அச்சிட்ட படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்: சில பதிப்புகளில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இணைப்பு விடுபட்டுப் போய், அப்புறம் வந்த பதிப்பில் திருத்தினார்கள். இரண்டு நாடு ஒரே ஒரு புள்ளியில் முட்டிக்கொண்டு நின்றால் அது எல்லையா இல்லையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். யாருக்கு லாபம் என்று தெரியாத நேரத்தில் எல்லோருமே நியாயமாகப் பேசுவார்கள், படை வந்து நின்ற பிறகு யாரும் பேச மாட்டார்கள்.

1959-இல் வந்த டிப்ளமசி என்ற ஆட்டத்தில் (ஐரோப்பா வரைபடத்தில் ஆடுவது, படை எங்கே போகணும் என்பதைத் தாளில் ஆணையாக எழுதுவார்கள்) இன்னொரு சிக்கல் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். எல்லை தொட்டால் மட்டும் போதாது, போவது யார் என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் இரண்டு பிளாக் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் நடுவே பெரிய கால்வாய் ஓடினால், ஆள் பலகை மேல் நடந்து தாண்டிவிடுவான், லாரி சுற்றித்தான் வரணும், அந்த மாதிரி. ரோமும் வெனிஸும் ஒட்டியே இருக்கின்றன, தரைப்படை நேராகப் போகலாம், ஆனால் ஒன்று இத்தாலியின் மேற்குக் கரை, மற்றது கிழக்குக் கரை, அதனால் கப்பல் படை போக முடியாது. ஸ்பெயினுக்கு வடகரை, தென்கரை என்று இரண்டு உண்டு. தென்கரையில் நிற்கும் கப்பல் பக்கத்தில் பிரான்சில் இருக்கும் கஸ்கனிக்குப் போகாது, வடகரையில் நின்றால் போகும். நடு அட்லாண்டிக் கடலிலிருந்து ஸ்பெயினுக்குக் கப்பல் போக ஆணை எழுதும்போது எந்தக் கரை என்று எழுதித்தான் ஆக வேண்டும். பல்கேரியாவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இதே மாதிரி இரண்டு கரை உண்டு. சுவிட்சர்லாந்துக்குள் யாருமே நுழைய முடியாது.

அப்புறம் எவ்வளவு தூரம் என்ற கேள்வி. ரிஸ்கில் சுற்று முடிவில் படையை நகர்த்தும்போது, பக்கத்து நாட்டுக்கு மட்டுமா, இல்லை சொந்த நாடுகள் தொடர்ந்து இருந்தால் கடைசி வரைக்குமா? இரண்டு விதமாகவும் ஆடுகிறார்கள், ஆட்டமே மாறிவிடும், அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

நடு ஆட்டத்தில் புதுசாக ஒன்று கிளம்பினால் முதலில் ரூல் புத்தகத்தில் எழுத்தாக இருப்பதைப் படியுங்கள், படத்தைப் பிறகு பாருங்கள். அதில் இல்லையா, சரி, இரண்டு பக்க நியாயத்தையும் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு டைஸ் உருட்டி முடிவு பண்ணுங்கள். அந்த முடிவை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள், அடுத்த வாரம் வேறு ஆள் உட்கார்ந்தாலும் அதே விதிதான்.