செடியின் வளர்ச்சியை வரைபடமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சைப்பயற்றை முளைக்கவைத்து, அதன் உயரத்தை நாள்தோறும் அளந்து, வரைபடத்தாளில் குறிக்கும் செயல்பாடு பள்ளி அறிவியல் வகுப்புகளில் பரவலாக நடைபெறுகிறது. செலவு குறைவு, இரண்டு மூன்று நாள்களில் முளை வெளிவந்துவிடும், இரண்டு வாரங்களில் வரைவதற்குப் போதிய அளவீடுகள் சேர்ந்துவிடும் என்பதால் ஆசிரியர்கள் இதைத் தேர்ந்தெடுப்பது இயல்பே. ஆனால் கோடு சீராக வந்திருக்கிறதா, அச்சுகளுக்குப் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் வழங்கும் நாம், அந்த வரைபடம் மாணவர் அளந்ததை மட்டுமே சொல்கிறதா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அளக்காத ஒன்றை வரைபடம் சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதலாவது, விடுமுறை நாள்கள். வெள்ளிக்கிழமை 4 செ.மீ. இருந்த செடி திங்கட்கிழமை 10 செ.மீ. இருக்கிறது என்றால், அது மூன்று நாள்களில் 6 செ.மீ., அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 2 செ.மீ. வளர்ந்திருக்கிறது. ஆனால் மாணவர் கிடை அச்சில் வெள்ளியையும் திங்களையும் அடுத்தடுத்த கட்டங்களில் குறித்துவிட்டால், ஒரே நாளில் 6 செ.மீ. வளர்ந்ததுபோல் கோடு செங்குத்தாக எழும். அந்த எழுச்சிக்கு மழை, உரம் என்று காரணம் தேடும் அறிக்கைகளும் எழுதப்படுகின்றன. அளக்காத நாள்களுக்கும் அச்சில் இடம் விட வேண்டும்; புள்ளி மட்டும்தான் இருக்கக்கூடாது. கணினியில் வரைவோர் இதில் கூடுதல் கவனம் கொள்வது நல்லது. விரிதாள் மென்பொருளில் சாதாரணக் கோட்டு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால், 1, 2, 5, 6 என்ற நாள் எண்களை அது வெறும் பெயர்களாகக் கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடக்கூடும். ஒவ்வொரு புள்ளியையும் அதன் எண் மதிப்புக்கேற்ற இடத்தில் வைக்கும் சிதறல் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் எழாது.

முளைக்காத விதையைச் சுழியம் என்று எழுதிச் சராசரியில் சேர்ப்பது அடுத்த தவறு. ஐந்து விதைகளில் நான்கு முளைத்து 6, 7, 8, 7 செ.மீ. வளர்ந்திருந்தால், வளர்ந்த செடிகளின் சராசரி உயரம் 7 செ.மீ. ஐந்தாவதையும் சேர்த்து வகுத்தால் 5.6 செ.மீ. வருகிறது, அப்படி ஒரு செடி அந்தத் தொட்டியில் இல்லவே இல்லை. முளைப்பு விழுக்காடு வேறு, முளைத்த செடிகளின் உயரம் வேறு. இரண்டையும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும். மாணவர் வராததால் அளக்கப்படாத நாளுக்குச் சுழியம் எழுதுவது இதைவிட மோசம், ஏனென்றால் கோடு தரையைத் தொட்டு மீண்டும் எழும்.

அளக்கும் முறையும் கோட்டின் வடிவத்தைக் கெடுக்கும். பல அளவுகோல்களில் சுழியக் குறி விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளியே இருக்கிறது. ஒரே மாணவர் ஒரே அளவுகோலால் எப்போதும் விளிம்பிலிருந்தே அளந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு இடம்பெயரும், சாய்வு மாறாது. ஆனால் இன்று ஒருவர் விளிம்பிலிருந்தும் நாளை இன்னொருவர் சுழியத்திலிருந்தும் அளந்தால் கோடு பல்பல்லாக வரும். நீரூற்றியபின் மண் அமிழ்வதும் அளவை மாற்றும். தொட்டியில் ஒரு குச்சியை ஆழ ஊன்றி, அதில் இட்ட அடையாளத்திலிருந்தே எப்போதும் அளப்பது எளிய தீர்வு. 9.2 செ.மீ. இருந்த செடி மறுநாள் 9.0 செ.மீ. ஆனால், அந்த எண்ணை அழித்துத் திருத்தாமல், தண்டு வளைந்திருந்ததா, வாடியிருந்ததா என்ற குறிப்போடு அப்படியே வைத்திருக்க வேண்டும். நுண்மையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ் உருவாக்கிய கிரெஸ்கோகிராஃப் என்னும் வளர்ச்சி அளக்கும் கருவி செடியின் அசைவைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டியது. நம் கையில் இருப்பதோ மில்லிமீட்டர் அளவுகோல். அதைக் கொண்டு அளந்துவிட்டு, கணிப்பான் காட்டுகிறது என்பதற்காகச் சராசரியை 7.4286 செ.மீ. என்று எழுதுவது பொருளற்றது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான தவறு, செங்குத்து அச்சில் ‘வளர்ச்சி’ என்று மட்டும் எழுதுவது. ஒரு தொட்டியை ஜன்னலோரத்திலும் மற்றொன்றை மூடிய அலமாரியிலும் வைத்துப் பார்த்தால், இருட்டில் உள்ள நாற்றுகளே உயரமாக இருப்பதைக் காணலாம். வரைபடத்தை மட்டும் நம்பும் மாணவர், செடி வளர ஒளி தேவையில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார். உண்மையில் அந்த நாற்றுகள் வெளிறி, தண்டு மெலிந்து, இலைகள் சரியாக விரியாமல் நிற்கும். வித்திலைகளில் சேமித்திருந்த உணவைச் செலவிட்டு, ஒளியை எட்டுவதற்காகத் தண்டை நீட்டுகின்றனவே தவிர, ஒளிச்சேர்க்கை வழியாகப் புதிய உணவு எதையும் அவை உருவாக்கவில்லை. சுவாசத்தில் சேமிப்பு கரைவதால், உலர்த்தி நிறுத்தால் அவற்றின் எடை விதையின் உலர் எடையைவிடக் குறைந்திருக்கும். ஆகவே அச்சில் ‘தண்டின் உயரம் (செ.மீ.)’ என்று எழுத வேண்டும், முடிந்தால் இலைகளின் எண்ணிக்கையையும் இறுதியில் உலர் எடையையும் சேர்த்துப் பதிய வேண்டும். இந்த ஒரு சோதனையை முறையாகச் செய்தாலே, அளவீடு என்றால் என்ன என்பதை வகுப்பு நன்றாகப் புரிந்துகொள்ளும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கோட்டைப் படிக்கும்போது உயரத்தையும் வேகத்தையும் குழப்பிக்கொள்வதும் பரவலாக உள்ளது. ‘எப்போது மிக வேகமாக வளர்ந்தது?’ என்று கேட்டால் பலர் கடைசிப் புள்ளியைக் காட்டுகிறார்கள். 6ஆம் நாளிலிருந்து 8ஆம் நாளுக்குள் 5 செ.மீ.யிலிருந்து 9 செ.மீ. ஆன செடி, 12ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் 16 செ.மீ.யிலிருந்து 17 செ.மீ. மட்டுமே ஆகியிருந்தால், வேகம் மிகுந்தது முந்தைய இடைவெளியில்தான். சாய்வைப் பார்த்தே அதைச் சொல்ல முடியும். இரண்டு செடிகளின் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாகச் சென்றால், ஒன்று முந்தி முளைத்திருக்கலாம், ஆனால் வளரும் வேகத்தில் வேறுபாடு இல்லை என்றே பொருள்.

ஒப்பீட்டில்தான் அவசர முடிவுகள் அதிகம். உரமிட்ட ஐந்து செடிகள் 8, 10, 11, 13, 14 செ.மீ., உரமிடாதவை 9, 10, 11, 11, 13 செ.மீ. என்று கொள்வோம். சராசரிகள் முறையே 11.2, 10.8. பட்டை வரைபடத்தின் செங்குத்து அச்சை 10இலிருந்து தொடங்கினால், முதல் பட்டை இரண்டாவதைப்போல் ஒன்றரை மடங்கு உயரமாகத் தெரியும். பட்டையின் நீளமே அளவைக் குறிப்பதால் அச்சு சுழியத்திலிருந்து தொடங்குவது கட்டாயம். கோட்டு வரைபடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சராசரியோடு தனித்தனிச் செடிகளின் புள்ளிகளையும் குறித்தால், இரு தொகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியும். இதை வைத்து உரம் உதவியது என்று சொல்ல முடியாது. உரமிட்ட தொட்டிகள் மட்டும் ஜன்னலுக்கு அருகில் இருந்தனவா என்றும் கேட்க வேண்டும்.

கடைசியாக, கோட்டை நீட்டுவது. 15 நாள்களில் 20 செ.மீ. என்றால் 60 நாள்களில் 80 செ.மீ. என்று அளவுகோலை வைத்து இழுத்துவிடக் கூடாது. பச்சைப்பயறு ஏறக்குறைய 60 முதல் 70 நாள்களில் அறுவடைக்கு வந்துவிடும் பயிர்; பூவும் காயும் பிடிக்கும்போது தண்டு நீளும் வேகம் குறைந்துவிடும். அளந்த இரு நாள்களுக்கு இடையே உள்ள ஒரு நாளின் உயரத்தைக் கோட்டிலிருந்து மதிப்பிடலாம். அளந்த கடைசி நாளுக்கு அப்பால் உள்ள உயரம் வேண்டுமென்றால், செடியை அதுவரை வளர்த்து அளக்க வேண்டும்.