'கேஷுவல்' வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலக் கடிதத்திலோ அறிவிப்பிலோ 'கேஷுவல்' என்ற சொல்லைக் கண்டால், பொருளை முடிவு செய்யும் முன் அதை அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். உடை, பேச்சு, விருந்து ஆகியவற்றோடு வந்தால் இயல்பான, சம்பிரதாயமற்ற என்று கொள்ளலாம். அலுவலக, சட்ட வழக்கிலோ 'தற்செயல்' என்ற பழைய லத்தீன் மூலப்பொருளே இன்றும் நிலைத்திருப்பதால், கேஷுவல் லீவ் தற்செயல் விடுப்பாகிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறும் கேஷுவல் வேகன்சி, உறுப்பினரின் மறைவு, பதவி விலகல் போன்றவற்றால் பதவிக்காலத்தின் இடையே ஏற்படும் காலியிடத்தைக் குறிக்கிறது. மொழிபெயர்ப்போர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். மேலதிகாரி ஓர் ஊழியரின் போக்கைக் 'கேஷுவல்' என்று எழுதும் இடத்தில் மட்டும் இவ்வழி உதவாது; அலுவலகக் குறிப்பாக இருந்தாலும் அங்கே அச்சொல் அக்கறையின்மையையே சுட்டுகிறது.