தேடினால் அகப்படாத கடிதங்கள்

திருகோணமலையில் படகு இயந்திர உதிரிப்பாகம் விற்கிறோம். பதினைந்து வருடக் கடிதங்களும் விலைப்பட்டியல்களும் ஒரே கணினியில் குவிந்து கிடக்கின்றன. ‘முற்பணம்’ என்று தேடினால் புதிய கோப்புகள் மட்டுமே வந்தன. பழையதைத் திறந்தால் அதே சொல் கண்முன்னே நிற்கிறது. விண்டோஸ் தேடல் அட்டவணையை இரண்டு இரவுகள் புதிதாகக் கட்டவிட்டேன், பயனில்லை. வன்தட்டையும் மாற்றினேன், வீண் செலவு.

தற்செயலாக ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டியபோது ஆங்கில எழுத்துக் குப்பை விழுந்தது. பாமினி எழுத்துரு! ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திக் காட்டும் பழைய வகை. திரையில் ‘அ’ என்று தெரிவது உள்ளே ஆங்கில ‘எம்’. அதை ஒருங்குறிக்கு (யுனிகோட், இப்போது தேடலில் நாம் தட்டும் தமிழ்) மாற்றும் கருவியில் போட்டேன். முழுக் கோப்பையும் போட்டால் ஆங்கிலப் பாக எண்கள் தமிழ்க் குழப்பமாகிவிடுகின்றன. ஆகவே வேர்டின் தேடலில் எழுத்துருவைக் குறித்து, பாமினிப் பகுதிகளை மட்டும் மாற்றினேன். இப்போது எல்லாம் அகப்படுகின்றன, 2011ஆம் ஆண்டுக் கடன் பாக்கி ஒன்று உட்பட.