மலை விளிம்பில் ஓடிய வெள்ளைக் கோடு: என் அனுபவம்

மஸ்கெலியாவிலிருந்து எடுத்த சிவனொளிபாதமலைப் படத்தைக் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் கூர்மைப்படுத்தி அச்சிட்டபோது, பனிமூட்டத்தை ஒட்டிய மலை விளிம்பு நெடுகிலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியிருந்தது. படத்தை 33 வீதத்துக்குச் சுருக்கியே பார்த்து வந்ததால் திரையில் அது தென்படவில்லை. 100 வீதத்தில் பார்த்த பின்னரே கோடு படத்திலேயே இருப்பதும் அச்சில் பிழையில்லை என்பதும் உறுதியானது.

கூர்மையின் அளவைக் குறைத்தேன். கோட்டோடு தேயிலைச் செடிகளும் மங்கின. விளிம்பிலிருந்து கூர்மை எவ்வளவு தூரம் பரவும் என்பதைக் குறிக்கும் ஆரத்தை 3 பிக்சலிலிருந்து 1 ஆக்கினேன். கோடு மெலிந்ததே தவிர மறையவில்லை. விளிம்புகளை மட்டும் பிரித்துக் காட்டும் ஹை பாஸ் லேயரை (மேலடுக்கை), மாறுபாட்டைக் கூட்டும் ஓவர்லே கலப்பு முறையில் வைத்தும் பயனில்லை. இப்படியே மூன்று நாட்கள் வீணாயின.

கூர்மைப்படுத்தும்போது விளிம்பின் ஒருபுறம் வெளுக்கிறது, மறுபுறம் கறுக்கிறது. கறுத்த பக்கம் பாறையிலும் செடியிலும் ஒளிந்துகொள்ள, வெளுத்த பக்கமோ மறைவதற்கு எதுவுமற்ற பனியின் மீது விழுகிறது. ஆகவே வெளுப்பை மட்டும் அடக்கினால் போதும்.

மூலப் படத்தை இரண்டு லேயர்களாகப் பிரதியெடுத்து, இரண்டையும் ஒரே அளவில் கூர்மைப்படுத்தி, கீழுள்ளதைக் கறுப்பை மட்டும் ஏற்கும் 'டார்க்கன் ஒன்லி' முறையில் 100 வீத ஒளிபுகாமையிலும் மேலுள்ளதை வெளுப்பை மட்டும் ஏற்கும் 'லைட்டன் ஒன்லி' முறையில் 25 வீத ஒளிபுகாமையிலும் வைத்தேன். பனியில் புள்ளிகள் எழாதிருக்க, அப்பகுதியை இரு லேயர்களிலும் மாஸ்க்கால் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரையால்) மறைத்தேன்.

மறு அச்சில் மலை பனிக்குள் இயல்பாகக் கரைகிறது. முன்னாலுள்ள தேயிலையின் இலையோரப் பற்கள்கூடத் தனித்தனியே தெரிகின்றன.