பூஜைப் பூவை நிறம் போகாமல் காயவைக்க

ஆயுத பூஜைக்கு வாங்கிய செண்டுமல்லி மிச்சமிருந்தால், வாடும் முன்பே இதழ்களை உதிர்த்துச் செய்தித்தாளில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். வெயில் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும். காற்றோட்டமான நிழல் போதும். கோவைப் பக்கம் ஆடியில் காயவைத்தால் மேலே வலைத்துணி போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அத்தனை இதழும் பக்கத்து வீட்டில்தான் கிடக்கும்!

இதழின் வெள்ளை அடிப்பகுதியைக் கிள்ளிப் பாருங்கள். துவளாமல் ஒடிந்தால் சரி, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு மூடலாம். துவண்டால் இன்னும் காயட்டும். இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

சிவப்பு ரோஜா கருத்துத்தான் போகும், வாழ்த்து அட்டையில் ஒட்ட அதுவும் அழகே. சத்தியமங்கலம் மல்லிகை பழுப்பேறிவிடும், அதைத் தலையில் வைத்துக்கொள்வதே மேல். வாடாமல்லிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. காம்போடு கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், நிறம் அப்படியே நிற்கும்.