மேட்பிளாட்லிப் ஆவணத்தில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால்

பைத்தானில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் நூலகத்தின் ஆவணப் பக்கம் ஒன்றைப் படிக்கும்போது 'செப்பரேட்' என்ற சொல்லின் நடுவே 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'ஈ' இருக்கிறதா? தாண்டிப் போகாதீர்கள், திருத்திக் கொடுங்கள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு மாணவர் அந்தச் சொல்லை அகராதியில் தேடினால் கிடைக்காது, அவருக்காகவாவது.

முதலில் அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், புதிதாக வருகிறவர்கள் திணறுவது இங்கேதான். மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் என்ற பகுதியில் உள்ள 'பிளாட்' ஃபங்ஷன் பற்றிய பக்கத்தில் பிழை இருந்தால் பைபிளாட் கோப்பைத் திறந்து தேடிப் பயனில்லை, ஏனென்றால் அந்த விளக்கம் ஆக்ஸஸ் கிளாஸில் அதே பெயரில் உள்ள மெத்தடின் டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து (கோடுக்குள்ளேயே எழுதிவைக்கும் விளக்கத்திலிருந்து) வருகிறது. கேலரி உதாரணங்களுக்கான விளக்கம் அந்தந்தப் பைத்தான் கோப்புக்குள்ளேயே இருக்கும். பிழையான சொல்லையே ரெப்போ (திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) முழுக்கத் தேடுங்கள், அதே பிழை வேறு இடங்களில் இருந்தாலும் சேர்ந்தே மாட்டும்.

சரி, அது உண்மையிலேயே பிழைதானா? 'ஆக்ஸிஸ்' என்று இருக்க வேண்டியது 'ஆக்ஸஸ்' என்று இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். இங்கே ஆக்ஸஸ் என்பது வரைபடம் வரையப்படும் மொத்தப் பரப்பு, ஆக்ஸிஸ் என்பது அதன் ஓர் அச்சு. அவசரப்பட்டு மாற்றினால் பொருளே கெட்டுவிடும். பாராமீட்டர் பெயரில் பிழை என்றால் தொடவே தொடாதீர்கள். அதை மாற்றினால் அதை நம்பி எழுதிய மற்றவர்களின் கோட் ஓடாது, தனி இஷ்யூவாக, அதாவது பிரச்சினையைச் சொல்லும் குறிப்பாகப் போடுங்கள்.

கோட்ஸ்பெல் என்ற கருவி நன்றாக உதவும். அது அகராதியை வைத்துப் பார்ப்பதில்லை, அடிக்கடி நேரும் பிழைகளின் பட்டியலை வைத்துத் தேடுகிறது. அதனால் தொழில்நுட்பப் பெயர்களைப் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது, பட்டியலில் இல்லாத பிழையைப் பிடிக்கவும் செய்யாது. தானாகவே திருத்தி எழுதும் வசதியும் உண்டு, ஆனாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுவதுதான் நல்லது.

தலைப்பில் திருத்தினால் கவனம். 'அக்கரன்ஸ்' என்ற சொல்லில் விட்டுப்போன ஓர் 'ஆர்' சேர்த்தால் தலைப்பு ஓர் எழுத்து நீளும், மூலக் கோப்பில் அதன் கீழே குறிகளால் போட்ட அடிக்கோடும் அந்த அளவுக்கு நீள வேண்டும், இல்லையென்றால் கோடு போதவில்லை என்று, ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் என்ற கருவி எச்சரிக்கும்.

மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் எழுத்துப்பிழைத் திருத்தம் மட்டும் இருக்கட்டும். பத்தியை மறுபடி மடக்கி அடுக்கினால் ஒரே ஒரு எழுத்து மாற்றத்தைப் பார்க்க, சரிபார்ப்பவர் பத்து வரி படிக்க வேண்டிவரும்.