மெர்ஜ் சார்ட்: தாளில் எழுதிப் பார்த்து ரிகர்ஷனைப் பிடிப்போம்

ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது) என்றாலே பலரும் ஃபேக்டோரியலில்தான் (5 × 4 × 3 × 2 × 1 போன்ற பெருக்கல்) தொடங்குவார்கள். அதை ஒரு லூப்பிலேயே எழுதிவிடலாம் என்பதால், ‘பிறகு ரிகர்ஷன் எதற்கு?’ என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும். மெர்ஜ் சார்ட்டில் அதன் தேவை கண்ணுக்குத் தெரியும். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த, 1945இல் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் வடிவமைத்த முறை இது. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எங்கே நிற்பது?
நம் ஃபங்ஷனின் பெயர் ‘அடுக்கு’. லிஸ்டில் ஒரே எண் இருந்தாலோ, எதுவுமே இல்லாவிட்டாலோ அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலில் எழுத வேண்டிய வரி இதுதான். இதை விட்டுவிட்டால் ஃபங்ஷன் தன்னையே ஓயாமல் கூப்பிடும். பைத்தான் வழக்கமாக 1000 அழைப்புகளுக்கு அருகில் பிழை காட்டி நிறுத்திவிடும்.

படி 2: மீதி மூன்று வரிகள்

இடது = அடுக்கு(முதல் பாதி)
வலது = அடுக்கு(இரண்டாம் பாதி)
திருப்பு சேர்(இடது, வலது)

படி 3: ஓட்டிப் பார்ப்போம்
38, 12, 45, 7 என்று எழுதுங்கள். ‘அடுக்கு’ முதலில் 38, 12 என்ற பாதியோடு தன்னைக் கூப்பிடுகிறது. குழப்பம் வருவது இங்கேதான். இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. 45, 7 இன்னும் தொடப்படவே இல்லை. முதல் அழைப்பு நடுவிலேயே நிற்கிறது, எந்த வரியில் நின்றது என்பது ஸ்டாக்கில் (முடியாத அழைப்புகளைக் கணினி குறித்துவைக்கும் இடம்) இருக்கிறது.

உள்ளே 38 தனியாகப் போய் அப்படியே திரும்புகிறது. அப்புறம் 12. இரண்டையும் சேர்த்தால் 12, 38. இப்போதுதான் வலது பாதியின் முறை: அது 7, 45 ஆகத் திரும்பும்.

கவனித்தீர்களா? இறங்கும்போது வெறும் வெட்டுதான். எண்கள் வரிசைக்கு வருவதெல்லாம் திரும்பி ஏறும்போது.

படி 4: சேர்ப்பது
இரு லிஸ்ட்டின் முதல் எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். 12ஆ 7ஆ? 7. 12ஆ 45ஆ? 12. 38ஆ 45ஆ? 38. மிஞ்சிய 45 கடைசியில். இரண்டும் சமமாக வந்தால் இடதுபக்கத்து எண்ணையே எடுங்கள். மதிப்பெண்படி பெயர்களை அடுக்கும்போது, சம மதிப்பெண் பெற்றவர்கள் பழைய வரிசை மாறாமல் இருக்க இது அவசியம்.

பத்து லட்சம் எண்களுக்கு, மிச்சமுள்ளதில் மிகச் சிறியதை ஒவ்வொரு முறையும் தேடி எடுக்கும் செலக்‌ஷன் சார்ட் சுமார் 50,000 கோடி ஒப்பீடுகள் செய்யும். மெர்ஜ் சார்ட் சுமார் 20 நிலைகளில், 2 கோடிக்குள் முடித்துவிடும். பதிலுக்கு, சேர்க்கும்போது லிஸ்ட் அளவுக்குக் கூடுதல் நினைவகம் கேட்கும்.